பாமாயில் வந்திருக்காம்

கடை திறக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. வரிசையில் ஆட்களைவிடப் பைகள்தான் அதிகம். ஜவுளிக்கடை மஞ்சப்பை ஒன்று, சிமென்ட் சாக்கைத் தைத்துப் பிடி வைத்தது ஒன்று, அதற்கடுத்து ஒரு பெயின்ட் வாளி, அதற்கும் பின்னால் பாதிச் செங்கல். செங்கல்லுக்குச் சொந்தக்காரர் எதிர்ச்சாரியில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். புதிதாக வருகிறவர்கள் யாரும் "இது யாரு கல்லு?" என்று கேட்பதில்லை. பார்க்கிறார்கள், தங்கள் பையை அதற்குப் பின்னால் வைக்கிறார்கள், நிழல் தேடிப் போகிறார்கள். செங்கல்லைத் தாண்டி யாராவது பையை முன்னால் நகர்த்தினால் மட்டும் டீக்கடையிலிருந்து ஒரு குரல் வரும். மதுரைக்கு வெளியே ஒரு புறநகர் ரேஷன் கடை இது. மாதத்தின் கடைசி வாரம்.

"பேசறதுக்கு எதுக்குடா காலேஜு?" என்று நான் தகவல் தொடர்பியலில் சேர்ந்தபோது எங்கள் தெருவில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். துறையும் அதற்கு நேரான பதில் சொன்னதாக நினைவில்லை. சேர்க்கை விளம்பரத்தில் மைக் பிடித்த ஒரு பெண், கேமரா தூக்கிய ஒரு பையன். சொந்தக்காரர்கள் "டிவியா, சினிமாவா?" என்று இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். இரண்டும் இல்லாமல் பையோடு இந்த வரிசையில் வந்து நிற்கும்போதுதான் படித்ததில் பாதி விளங்குகிறது. வாயைத் திறக்காமல் நின்றால் மீதியும் விளங்கும்போலத் தோன்றுகிறது.

முதல் நாள் வகுப்பில் கரும்பலகையில் ஒரு படம் போடுவார்கள். அனுப்புபவர் ஒரு கட்டம், பெறுபவர் ஒரு கட்டம், நடுவில் ஒரு கோடு, கோட்டின் மேல் இரைச்சல். 1948இல் பெல் ஆய்வகத்தின் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரையில் பிறந்த படம் அது. அவருடைய கவலை கம்பியைப் பற்றியது. இந்த முனையில் போட்டது அந்த முனையில் அப்படியே போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி. அனுப்பியதற்கு என்ன அர்த்தம் என்பது பொறியாளரின் வேலையல்ல என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். நாங்கள்தான் அந்தப் படத்தை எடுத்து மாமியார் மருமகள் சண்டை வரைக்கும் பொருத்திப் பார்த்துப் பரீட்சை எழுதினோம்.

ஷட்டர் ஏறுகிறது. பைகளுக்குப் பின்னால் ஆட்கள் முளைக்கிறார்கள். பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. யாரும் பிரிக்கவில்லை, பிரிந்துகொண்டது. எட்வர்ட் ஹால் என்ற மானுடவியலாளர் மனிதர்கள் ஒருவருக்கொருவர் விட்டு நிற்கும் இடைவெளியை அளந்து 1966இல் ஒரு புத்தகம் போட்டார். அறிமுகம் மட்டும் உள்ளவர்கள் 4 அடி முதல் 12 அடி வரை தள்ளி நிற்பார்கள் என்பது அவர் கணக்கு. அவர் அளந்தது பெரும்பாலும் அமெரிக்காவின் நடுத்தர வர்க்கத்தாரை. ஊருக்கு ஊர் இது மாறும் என்று அவரே எழுதியிருக்கிறார். இங்கே 4 அடிக்குள் மூன்று பேரும் ஒரு கைக்குழந்தையும் நிற்கிறார்கள். இடைவெளி விட்டால் அதில் வேறொருவர் வந்து நின்றுவிடுவார். இடைவெளி என்பது மரியாதையா, இளித்தவாய்த்தனமா என்பதை வரிசையின் நீளம் தீர்மானிக்கிறது.

கடை வாசலில் இருப்புப் பலகை தொங்குகிறது. அரிசி, சர்க்கரை, துவரம்பருப்பு, பாமாயில், நேரே சாக்பீஸில் எண்கள். தேதி இரண்டு நாள் பழசு. அதை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தெருமுனையில் பூ கட்டும் அம்மா நேற்று மாலையே சொல்லிவிட்டார்: "பாமாயில் வந்திருக்காம்." அவர் உட்காரும் இடத்திலிருந்து லோடு வண்டி நிற்பது தெரியும். எத்தனை அட்டைப்பெட்டி இறங்கியது என்பதும் தெரியும். பூ வாங்கியவள் மாடி வீட்டில் சொன்னாள், மாடி வீட்டிலிருந்து பின்தெருவுக்குப் போயிற்று, காலையில் வரிசை நிற்கிறது.

1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹையோ மாநிலத்தின் ஈரி கவுன்டியில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவர் குழுவும் வாக்காளர்களை மாதக்கணக்கில் தொடர்ந்து கேட்டுப் பார்த்தார்கள். வானொலியும் பத்திரிகையும் ஓட்டை மாற்றும் என்று எதிர்பார்த்துப் போனவர்களுக்குக் கிடைத்தது வேறு. அக்கம்பக்கத்தில் விவரம் தெரிந்தவர் என்று பேரெடுத்த ஒருவர் சொன்னதுதான் அதிகம் எடுபட்டது. ஊடகத்திலிருந்து அவருக்கு, அவரிடமிருந்து மற்றவர்களுக்கு என்று செய்தி இரண்டு படியாக இறங்குகிறது என்றார்கள். பூக்கார அம்மா அந்த முதல் படியில் உட்கார்ந்திருக்கிறார். பலகை எழுதுகிறவருக்கு எழுதுவதோடு வேலை முடிந்தது. அந்த அம்மாவோ இதே கடையில் வாங்குகிறவர். தப்பாகச் சொன்னால் நாளைக்குப் பூ விற்காது.

கவுன்ட்டருக்கு வருவோம். சேல்ஸ்மேனுக்கு நாற்பது வயதிருக்கும். பில் போடும் மெஷின் இடது கைப் பக்கம், உள்ளே எடை போடுகிற பையன். அட்டையை வாங்குவார், மெஷினில் காட்டுவார், "ரேகை வைங்க" என்பார். வாய் ஓயாமல் ஓடும். நான் கவனித்தது அவருடைய "இல்ல"வை. தலையைத் தூக்காமல் "பருப்பு இல்ல" என்றால் பருப்பு உண்மையிலேயே வரவில்லை. தலையைத் தூக்கி, முகத்தைப் பார்த்து, குரலில் கொஞ்சம் வருத்தம் சேர்த்து "இல்லையேக்கா" என்றால் உள்ளே கொஞ்சம் இருக்கிறது. வரிசையில் நிற்கிற பெண்களுக்கும் இது தெரியும். முதல் வகை "இல்ல"வுக்கு மறுபேச்சில்லாமல் நகர்ந்துவிடுகிறார்கள். இரண்டாவது வகைக்கு அங்கேயே நிற்கிறார்கள். "போன மாசமும் வாங்கலப்பா" என்று ஒருத்தி மெதுவாகச் சொல்ல, பருப்பு வருகிறது. கிலோ 30 ரூபாய், கூடவே ஒரு டீத்தூள் பொட்டலம். டீத்தூள் அவள் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஆளுமை வளர்ச்சிப் பயிற்சியாளர் ஒருவர் இருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். பேச்சில் சொல்லின் பங்கு 7 சதவீதம், குரல் 38, முகமும் உடம்பும் 55 என்று கல்லூரிக்குக் கல்லூரி போய் ஸ்லைடு போடுகிறவர்கள் அவர்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் அறுபதுகளில் செய்த இரண்டு சிறிய சோதனைகளிலிருந்து எடுத்த எண்கள் இவை. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்லவைத்து, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று கேட்டவர்களிடம் ஊகிக்கச் சொன்னார். விருப்பு வெறுப்பைச் சொல்லும்போது சொல்லும் முகமும் முரண்பட்டால் எதை நம்புவோம் என்பது மட்டுமே அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார், ஸ்லைடு போடுகிறவர்கள் கேட்கவில்லை. பொருந்தும் என்றால், சேல்ஸ்மேன் முகத்தை மட்டும் பார்த்தே பருப்பு 30 ரூபாய் என்று கண்டுபிடித்துவிட வேண்டுமே. முகம் இங்கே சொல்வது, பருப்பு எனக்குக் கிடைக்குமா என்பதைத்தான். அது பெரிய விஷயம்தான். ஆனால் அதற்குச் சதவீதம் கிடையாது.

வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வரிசையில் சேராமல் கவுன்ட்டருக்குப் பக்கவாட்டில் வந்து நிற்கிறார். ஜன்னல் கம்பியில் ஒரு கை, காதில் போன். "ஆமாண்ணே, நம்ம ரேஷன் கடையிலதான் நிக்கிறேன். ஒண்ணும் பிரச்சினை இல்லண்ணே, பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்." போனில் மறுமுனையில் ஆள் இருக்கிறாரோ என்னவோ, இந்த முனையில் கேட்க வேண்டியவர் கேட்டுவிட்டார். அட்டை உள்ளே போகிறது. வரிசையில் முணுமுணுப்புகூட இல்லை. செங்கல்லைத் தாண்டும் பைக்கு எழுகிற குரல் இதற்கு எழவில்லை.

இனி அப்பத்தா.

அவர் வரிசையில் சும்மா நிற்கவில்லை. முன்னால் நிற்பவளிடம் "மக எப்பத்தா வாறா?", பின்னால் நிற்பவளிடம் "சாப்பிட்டியா?", என்னைப் பார்த்து "தம்பி யாரு வீடு?" மகள் எப்போது வருகிறாள் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். காலை ஒன்பது மணிக்குச் சாப்பிட்டாயா என்று கேட்பதிலும் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. போலந்தில் பிறந்த மாலினோவ்ஸ்கி, நியூகினி பக்கத்து ட்ரோப்ரியான்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்தவர், 1923இல் இந்த மாதிரிப் பேச்சுக்குத் தனியாகப் பெயரே வைத்தார். தகவலே இல்லாத பேச்சு. நாம் ஒருவருக்கொருவர் இருக்கிறோம் என்று காட்டிக்கொள்ளும் பேச்சு. ஷானனின் கணக்கில் இதன் மதிப்பு ஏறத்தாழ பூஜ்யம். கேட்பவர் ஏற்கெனவே அறிந்ததைச் சொன்னால் அதில் தகவல் இல்லை என்பதுதான் அந்தக் கணக்கு.

முன்னால் நின்றவள் கேட்டாள்: "ஏன் அப்பத்தா இந்த வெயில்ல வாறீக? வயசானவகளுக்கு வீட்டுக்கே கொண்டாந்து தர்றாகளாமே, எழுதிக் குடுக்கலையா?"

"குடுத்தாக. வண்டி வந்து குடுத்துட்டுப் போயிட்டா நான் யாரு மொகத்தப் பாக்குறது? நானே வாறேன்னுட்டேன்."

முதியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டு வாசலில் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. நடக்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் தனியாக இருக்கும் ஒரு கிழவிக்கு இந்த வரிசை மாதத்துக்கு ஒருமுறை நடக்கிற திருவிழா என்பது எந்த விண்ணப்பப் படிவத்திலும் கேட்கப்படாத கேள்வி. அரிசியை வாசலுக்கு அனுப்பலாம். "மக எப்ப வாறா?"வை எப்படி அனுப்புவது?

அவர் முறை வந்தது. ரேகை விழவில்லை. "இன்னொரு விரல் வைங்க அப்பத்தா." விரலைச் சேலைத் தலைப்பில் துடைக்கிறார். மறுபடியும் விழவில்லை. தலைமுடியில் விரலைத் தேய்த்து, எண்ணெய்ப் பசையோடு வைக்கிறார். எத்தனை வருஷம் பாத்திரம் தேய்த்த விரலோ, கோடெல்லாம் அழிந்து மழமழவென்று இருக்கிறது. மெஷின் ஆங்கிலத்தில் எதையோ காட்டுகிறது.

"என்னயத் தெரியாதாப்பா ஒனக்கு? இம்புட்டு வருஷமா வாறேன்."

"எனக்குத் தெரியும் அப்பத்தா. மெஷினுக்குத் தெரியணும்ல."

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, அலுப்போடுதான் சொன்னார். மெஷின் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவருக்கும் வழியில்லை. கடைசியில் கண்ணைக் காட்டச் சொல்லி, கருவிழியில் ஒருவழியாக விழுந்தது. கரும்பலகைப் படத்தின் இரைச்சலை இவ்வளவு சுத்தமாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அனுப்புபவர் ஒரு பெண்ணின் விரல், பெறுபவர் எங்கோ ஒரு சர்வர், நடுவில் தேய்ந்துபோன தோல்.

அரிசி, சர்க்கரை. "பாமாயில்?" "இல்லையே அப்பத்தா." தலையைத் தூக்கி, முகத்தைப் பார்த்து, குரலில் வருத்தத்தோடு. வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பத்தா கவனிக்கவில்லை, பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பையைத் தூக்குவதற்குள் அவர் இடுப்பில் பட்டன் போன் அலறியது. காது மந்தம், அதனால் போனில் சத்தம் முழுக்க வைத்திருக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன். ரேஷன் அட்டையில் பதிவாகியிருப்பது அவனுடைய நம்பர். இங்கே பில் போட்டதும் அங்கே அவனுக்குக் குறுஞ்செய்தி போய்விடும்.

"அம்மா, பாமாயில் வாங்கிட்டியா?"

"இல்லைன்டாகளேடா."

"எனக்கு வாங்குனதா மெசேஜ் வந்திருக்கும்மா."

வரிசை முழுவதும் கேட்டது. சேல்ஸ்மேனுக்கும் கேட்டது. அதன் பிறகு வந்த அரை நிமிடத்தைத்தான் நான் எழுத விரும்பினேன். ஒருத்தி குழந்தையின் சட்டைப் பித்தானைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. பெயின்ட் வாளிக்காரர் இருப்புப் பலகையை முதன்முதலாக ஏறிட்டுப் படித்தார். எடை போடும் பையன் சாக்கு மூட்டைக்குப் பின்னால் குனிந்தான். வேட்டிக்காரர் தன் போனைத் துடைத்தார். சேல்ஸ்மேன் மெஷினில் பட்டனை அழுத்தினார், பில் எதுவும் வரவில்லை.

மனிதர்களால் எதையும் தெரிவிக்காமல் இருக்கவே முடியாது என்பது பால் வாட்ஸ்லாவிக்கும் கூட்டாளிகளும் 1967இல் எழுதிய புத்தகத்தின் அடிப்படைக் கொள்கை. சும்மா இருப்பதும் ஒரு செய்திதான். அந்த அரை நிமிடம் அதற்கு எழுத்தெழுத்தாக உதாரணம். இதற்குப் பக்கத்திலேயே வைத்துப் படிக்கச் சொல்லும் இன்னொரு கோட்பாடு உண்டு. ஜெர்மனியின் எலிசபெத் நோயல் நாய்மன் 1974இல் சொன்னது. ஊரே ஒரு பக்கம், நாம் மட்டும் ஒரு பக்கம் என்று தோன்றினால் தனித்துவிடப்படும் பயத்தில் வாயை மூடிக்கொள்வோம். மூடிக்கொள்வதால் அந்தப் பக்கம் இன்னும் பெரிதாகத் தெரியும். படிக்கும்போது சரியாகத்தான் பட்டது. இந்த வரிசையில் அது பொருந்தவில்லை. இங்கே எல்லாரும் ஒரே பக்கம். எல்லாருக்கும் அது தெரியும். தனித்துவிடப்படும் பயம் யாருக்கும் இல்லை. அடுத்த மாதமும் இதே ஜன்னல், இதே மனிதர் என்ற கணக்குதான் வாயைக் கட்டியது. ஊர் வாயைப் பற்றிய கோட்பாடு, கவுன்ட்டருக்கு உள்ளே நிற்பவர் யார், வெளியே நிற்பவர் யார் என்று கேட்க மறந்துவிட்டது.

மௌனத்தை உடைத்தது பித்தான் போட்ட பெண். அவள் சேல்ஸ்மேனிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வயது மகனைப் பார்த்துச் சொன்னாள்:

"நல்லாப் படிச்சுக்கடா. படிச்சாத்தான் நமக்குத் தராததத் தந்ததா மெசேஜ் வந்தா வாசிக்கவாச்சும் முடியும்."

பையன் வாயில் விரலோடு அவளைப் பார்த்தான்.

சாடை பேசுவது. நம் வீடுகளில் கோழியைத் திட்டி மருமகளுக்குச் சொல்வார்கள், நாயை விரட்டி விருந்தாளிக்குச் சொல்வார்கள். யார், என்ன, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு சொன்னார் என்று பார்த்தால் போதும் என ஹெரால்ட் லாஸ்வெல் 1948இல் கொடுத்த சூத்திரம் பாடப்புத்தகத்தின் மூன்றாம் பக்கத்திலேயே வந்துவிடும். இந்த வாக்கியத்தை அதில் போட்டுப் பார்த்தால் நான்காவது கேள்வியில் இடிக்கிறது. சொன்னது குழந்தைக்கு. போய்ச் சேர்ந்தது கவுன்ட்டருக்கு. அவளைக் கேட்டால் "புள்ளைகிட்டப் பேசிக்கிட்டிருந்தேன்" என்பாள்; மறுக்க முடியாது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்று லாஸ்வெல் கேட்டதைக் கிட்டத்தட்ட எல்லாம் சொல்லிவிட்டு, எச்சம், முன்னம் என்று இரண்டைக் கூடுதலாக வைக்கிறது. சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் நிரப்பிக்கொள்வது எச்சம். இந்த இடத்தில் இவருக்கு இன்னார் இதைச் சொல்வார் என்று அறிவது முன்னம். அது செய்யுளுக்கு எழுதிய இலக்கணம், ரேஷன் கடைக்கு அல்ல. ஆனாலும் பித்தான் போட்ட பெண்ணைப் புரிந்துகொள்ள எனக்கு லாஸ்வெல்லைவிட அந்த இரண்டும்தான் உதவின. எங்கள் பாடத்திட்டத்தில் அவை இருக்கவில்லை.

"அப்பத்தா, நில்லுங்க." சேல்ஸ்மேன் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பாக்கெட் பாமாயிலை எடுத்து வைத்தார். "லோடு கம்மியா வந்திருக்கு. மாசக் கடைசி, பில் போட்டு வைக்கலன்னா கணக்கு இடிக்கும். அடுத்து வந்ததும் தரலாம்னுதான் இருந்தேன்." யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. அதில் உண்மையும் கொஞ்சம் இருக்கலாம். மேலே இருந்து அவருக்கு வருவது உத்தரவு. அவர் மேலே அனுப்பக்கூடியது கணக்கு. லோடு குறைகிறது என்று சொல்ல அவருக்கும் ஒரு ஜன்னல் வேண்டும், அந்த ஜன்னலில் அவர் வெளியே நிற்கிறவர்.

அப்பத்தா முடிச்சை அவிழ்த்து 25 ரூபாய் எண்ணி வைத்தார். "நல்லா இருப்பா" என்று வாழ்த்தினார். பயமா, பெருந்தன்மையா, மகன் சொன்னதை முழுக்கப் புரிந்துகொள்ளாததா? அவர் முகத்தைப் பார்த்து என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் அந்த வாழ்த்தில் எல்லாரும் மூச்சு விட்டார்கள், சேல்ஸ்மேன் முதற்கொண்டு. வரிசை நகர்ந்தது. அடுத்து வந்த நான்கைந்து பேருக்குக் கேட்காமலே பாமாயில் வந்தது.

திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71ஆவது பொருட்பாலில், 110ஆவது காமத்துப்பாலில். ஒரே தலைப்பு இருமுறை வருவது ஏன் என்று பள்ளியில் கேட்டால் ஒன்று அரசவைக்கு, ஒன்று காதலர்க்கு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். காதலில் இருவரும் ஒருவரையொருவர் படிக்கிறார்கள். அரசவையில் குறிப்பறிய வேண்டியவர் அரசரை அண்டி நிற்பவர். ரேஷன் கடை அரசவை வகை. சேல்ஸ்மேனின் "இல்ல"வை வரிசையில் நிற்கும் ஒவ்வொருத்தியும் துல்லியமாகப் படிக்கிறாள், ஏனென்றால் படித்தால்தான் அடுப்பெரியும். வரிசையின் முகத்தை அவர் படிக்க வேண்டிய அவசியமே அன்றைக்கு அந்தப் போன் அலறிய பிறகுதான் வந்தது. தகவல் தொடர்பியல் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் உருப்படியானது இதுதான் என்று நினைக்கிறேன்: யார் யாரைப் படிக்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்பது. மைக் பிடிப்பதை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடலாம்.

பொது விநியோகத்தின் புகார் எண்ணும் 1967தான். வாட்ஸ்லாவிக் புத்தகம் வந்த வருடத்தோடு அது பொருந்துவது தற்செயல். இங்கே சுவரில் பெயின்டில் எழுதியிருக்கிறார்கள், அரிசி மூட்டைகள் முன்னால் அடுக்கியிருப்பதால் கடைசி இரண்டு எண்கள் தெரிவதில்லை.

ஊரில் இருக்கும் அம்மாவின் ரேஷன் அட்டையில் உங்கள் நம்பர் பதிவாகியிருந்தால், செய்தி வந்ததும் அழித்துவிடாதீர்கள். உடனே ஒரு போன் போட்டு "என்னென்ன வாங்குனம்மா?" என்று கேளுங்கள். பொருந்தவில்லையென்றால் 1967க்குச் சொல்லுங்கள். அம்மா கடையில் நிற்கும்போதே கேட்டால் இன்னும் நல்லது, போனில் சத்தத்தைக் கூட்டி வைத்து.